நஸீர் நானாவின் சைக்கிளுக்குள் மண்

சைக்கிளுக்குள் மண் போவதற்குப் பல வழிகள் உண்டு. புத்தளம் பக்கம் முந்தலில் முப்பத்தைந்து வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வழிகள் எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கடல்நீர்க் களப்பு ஓரத்துச் சேற்றில் இறக்கி ஓட்டுகிறவர்கள், கடற்கரை மணலில் படுக்கப் போட்டுவிட்டு வலை இழுக்கப் போகிறவர்கள், பெற்றோல் வரிசைக் காலத்தில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருபது வருடம் கிடந்ததைத் தூக்கிவந்து இன்றைக்கே ஓட வேண்டும் என்றவர்கள் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கோபம் வந்தது. பஸ்தியான் எரிந்து விழுவான் என்று ஊரில் பெயர். என் மனைவி மாக்கிறட்டும் அதை மறுக்கமாட்டாள்.

ஆனால் போன ஜூன் மாதம் நஸீர் நானாவின் பின்சில்லைக் கழற்றியபோது அதற்குள் இருந்த மண்ணுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. சேற்றில் இறங்கிய சைக்கிள் என்றால் டயரிலும் மட்காட்டிலும் சேறு காய்ந்திருக்கும். இது வெளியே பளபளவென்று கழுவித் துடைத்த சைக்கிள். உள்ளே அச்சில் மட்டும் கிறீஸோடு கிறீஸாக உப்பு மண் அரைபட்டுக் கிடந்தது.

நஸீர் நானா என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் முஸ்லிம் ஆண்களை நானா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் என்னை அண்ணே என்பார். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கத்தில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், புலிகளால் ஊரோடு துரத்தப்பட்டு உம்மாவையும் இரண்டு தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு புத்தளம் வந்து சேர்ந்தார். முகாமில் இருந்தார், உப்பளத்தில் கூலிக்கு நின்றார், கற்பிட்டியில் வெங்காயம் கிண்டினார். பிறகு கனமூலையில் றுக்கியாவைக் கட்டி அங்கேயே ஆறு பேர்ச் காணியில் வீட்டைப் போட்டுக்கொண்டார். கடைசிப் பதினான்கு வருடமும் முந்தலுக்கு வெளியே களப்போரம் இருந்த ஒரு இறால் பண்ணையில் வாட்சர் வேலை. காலையில் சைக்கிளில் வருவார், மாலையில் சைக்கிளில் போவார். இதையெல்லாம் அவர் சொல்லி நான் அறியவில்லை. அவர் சொல்லுகிற ஆள் இல்லை. பல வருடமாக வந்துபோகும் ஒருவரைப் பற்றித் துண்டு துண்டாகத் தெரிய வந்ததுதான்.

பண்ணையில் நாலு நாய்கள் இருந்தன. இறால் தொட்டிக்கு நீர்நாயும் வரும், வீச்சுவலையோடு மனிதரும் வருவார்கள். நாய் இல்லாமல் முடியாது. அந்த நாலில் ஒன்றுதான் சுது. சிங்களத்தில் வெள்ளை என்று பொருள். பழைய மனேஜர் வைத்த பெயர். குட்டியில் வெள்ளையாக இருந்ததோ தெரியாது, நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அதற்குச் சேற்று நிறம்தான். ஒன்பது வருடத்துக்கு முன்பு யாரோ இறால் தீன் பையில் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போன குட்டி. நஸீர் நானா சோறு வைத்து வளர்த்தார். அவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "வா புள்ள" என்பார், அது வரும்.

வரும், ஆனால் கிட்டே வராது. நானா ஐந்து வேளையும் தொழுகிறவர், நாயைத் தொடமாட்டார். சோற்றுத் தகரத்தைத் தரையில் வைத்து ஒரு தடியால் தள்ளிவிடுவார். குட்டிக் காலத்தில் கால்மாட்டுக்கு வந்தால் அதே தடியால் மெல்ல ஒதுக்குவார். நாயும் பாடம் படித்துவிட்டது. அவர் கையில் தடி இல்லாத நாளிலும் சரியாக ஒரு தடி தூரத்தில் வந்து நின்றுவிடும். அவர் வரம்பில் பாயைப் போட்டுத் தொழுதால், அந்தத் தூரத்தில் உட்கார்ந்து மற்ற நாய்களைக் கிட்டே விடாமல் பார்த்துக்கொள்ளும். மாலையில் அவர் சைக்கிளுக்குப் பின்னால் சந்தி வரை ஓடி வந்து, அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு திரும்பிப் போகும்.

எங்கள் வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கும். ஆகவே எனக்கு அது விசித்திரமாகவும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கொடுமையாகவும் பட்டது. ஒருநாள் வாய் சும்மா இராமல் சொல்லியும்விட்டேன். அவர் கோபிக்கவில்லை. அது அதன் பாட்டில், நான் என் பாட்டில் என்று சொல்லிச் சிரித்தார்.

இந்த வருடம் மே மாதம் பண்ணை கைமாறியது. புதிய முதலாளி மின்சார வேலியும் கமராவும் போட்டார். வாட்சர் வேண்டாம், நாயும் வேண்டாம். மூன்று நாய்களை யார் யாரோ கொண்டுபோனார்கள். சுது போகவில்லை. ஜூலை முதலாந்திகதி முதல் நீர்நாய்க்கு வேலியோரம் நஞ்சு வைக்கப்போகிறேன், உங்கள் நாய் தின்றால் என்னைக் கேட்க வேண்டாம் என்று முதலாளி நானாவிடம் நேராகவே சொல்லியிருந்தார். வேலை போனதைப் பற்றி நானா என்னிடம் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். நாயைப் பற்றி மட்டும் மூன்று நாள் தொடர்ந்து வந்து கதைத்தார்.

நான் வளர்க்கிறேன் என்று சொன்னேன். வீட்டில் கட்டினோம். இரவோடிரவாகக் கயிற்றைக் கடித்துக்கொண்டு பண்ணை வாசலுக்கே போய்விட்டது. இரண்டாம் தரம் சங்கிலியால் கட்டினேன். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாக்கிறட் அழுதுகொண்டு அவிழ்த்துவிட்டாள். கனமூலைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. றுக்கியா வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவர். கையளவு முற்றத்தில் நாய் நின்றால் மறுநாளே பிள்ளைகள் வருவது நின்றுவிடும்.

மிஞ்சியது மகள் ஷஸ்னாவின் வீடு. அவள் நானா பிறந்த முசலிப் பக்கம், சிலாபத்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகனிடம் முப்பது ஆடு, நரி வந்து குட்டிகளைத் தூக்குகிறது. காவலுக்கு ஒரு நாய் அவர்களுக்கும் தேவை; காவல் நாய்க்கு மார்க்கத்தில் தடையும் இல்லை. ஆனால் சுது நானாவுக்குப் பின்னால்தான் போகும். அவரும் அதனோடு அங்கே கொஞ்சநாள் நின்று பழக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். மீன் லொறிக்காரன் ஐசுக்கும் மீனுக்கும் நடுவில் நாயா என்று கேட்டான். ஓட்டோக்காரர்கள் எல்லாரும் பள்ளியில் அவரோடு ஒரே வரிசையில் தொழுகிறவர்கள். அவர்களிடம் கேட்கவே அவருக்கு வெட்கம்.

கடைசியில் சைக்கிளில் போகப்போகிறேன் என்றார். நாய் எப்படி வரும் என்று கேட்டேன்.

"பின்னால ஓடி வரும் அண்ணே. ஒவ்வொரு நாளும் சந்தி மட்டும் ஓடி வாறதுதானே."

"சந்தி ஒரு கட்டை நானா. சிலாபத்துறை நூற்றைம்பது கட்டை."

காட்டுப் பாதையால் நேரே போனால் அந்த நூற்றைம்பது மைலில் பாதித் தூரம்தான். ஆனால் அது வில்பத்து வனப் பூங்கா, நாயை உள்ளே விடமாட்டார்கள். சுற்றிக்கொண்டு அநுராதபுரம், மதவாச்சி வழியாகத்தான் போக வேண்டும். மடு மாதா திருவிழாவுக்குப் பதினொரு தரம் நான் சைக்கிளில் போனவன். அந்தப் பாதையின் ஒவ்வொரு மேடும் என் தொடைக்குத் தெரியும். ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். கருவலகஸ்வெவவுக்கு அப்பால் விடியுமுன்னும் மாலை ஐந்துக்குப் பிறகும் ஓடக்கூடாது, யானை. கலா ஓயாப் பாலத்தடியில் குளிக்கலாம். சோழகக் காற்று மதவாச்சி வரை முதுகில் தள்ளும், அங்கே மன்னார் றோட்டில் திரும்பியதும் இடப்பக்கம் அடித்து உயிரை வாங்கும். ஆறு நாளாவது பிடிக்கும் என்று சொன்னேன். அவர் தாளை எட்டாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

கரியருக்கு இரண்டு பக்கமும் அரையங்குலக் கம்பி வைத்து ஒட்டினேன். அதன்மேல் மீன்பெட்டி ஒன்றைக் கட்டினேன். ஒரு பழைய குடையை வெட்டி நிழலுக்குப் பொருத்தினேன். இரண்டு ரியூப், நாலு கம்பி, ஒட்டுச் சாமான், பம்ப், பிறேக் கட்டை எல்லாம் ஒரு பையில் போட்டேன். வெயில் ஏறினால் பெட்டிக்குள் ஈரச் சாக்கு விரியுங்கள், நாய்க்கு உடம்பு குளிர வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தவர் ஈரச் சாக்கு என்றதும் முகம் மாறிவிட்டார். நான் கவனித்தேன், கேட்கவில்லை.

நாயைப் பெட்டியில் ஏறப் பழக்குவது அவர் பொறுப்பு. வேலை போன பிறகும் ஒவ்வொரு நாளும் பண்ணைக்கு வந்து, பெட்டிக்குள் மீன்தலை போட்டு, ஏறுவதற்கு ஒரு பலகையும் சாய்த்து வைத்தார். சுது ஏறும், மீன்தலையைத் தின்னும், சைக்கிள் ஓரடி அசைந்ததும் குதித்துவிடும். பிடித்து உட்கார்த்த ஆள் இல்லை. நான் போய்ப் பிடித்தால் பல்லைக் காட்டியது. அவரோ பக்கத்தில் நின்று வா புள்ள, இரு புள்ள என்று கெஞ்சுவார். பன்னிரண்டு நாள் இந்தக் கூத்து நடந்தது. அதற்கிடையில்தான் சில்லுக்குள் மண் வந்தது.

முதல் தரம் அச்சைக் கழுவி, புது போல்ஸ் குண்டுகள் போட்டு, களப்பில் இறக்கினீர்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். ஒரு கிழமைக்குள் திரும்ப வந்தார். இந்தத் தரம் பின்சில்லு மட்டுமில்லை, பெடல் அச்சும் கறகறவென்றது. நான் போட்ட புதுப் போல்ஸ் எல்லாம் பொரித்த மிளகு மாதிரிக் கறுத்துப் பொத்தல் விழுந்து கிடந்தன. நாய்க்காக என்று ஒரு சதமும் வாங்காமல் செய்த வேலை அது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இந்தச் சைக்கிளில் சிலாபத்துறை வேண்டாம், புத்தளம்கூடப் போகமாட்டீர்கள், யானைக் காட்டு நடுவில் சில்லு இறுகி நிற்கும், அந்த நாயை நஞ்சுக்கே விட்டுவிடுங்கள் என்று கத்தினேன். கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் றுக்கியா பஸ்ஸால் இறங்கிக் கடைக்குள் வந்தார். கருத்த ஹபாயா, வெயிலில் சிவந்த முகம். புருஷன் ஷஸ்னாவைப் பார்க்க பஸ்ஸில் போகப்போவதாகத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார். அன்று காலை ஷஸ்னாவோ போனில் வாப்பா நாயோடு சைக்கிளில் வருகிறாராமே என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறாள். மீன்பெட்டியையும் குடையையும் றுக்கியா சுற்றிப் பார்த்தார். பிறகு நான் பழைய பேப்பரில் தட்டி வைத்திருந்த மண்ணைப் பார்த்து, இது என்ன என்று என்னிடம் கேட்டார். அது தெரிந்தால் நான் ஏன் கத்துகிறேன் என்று சொன்னேன்.

நானாதான் தலையைத் தூக்காமல் சொன்னார். நாயின் எச்சில் பட்ட பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணைக் கலந்து கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அது நஜீஸ், அதோடு தொழ முடியாது. இது அவர்கள் மார்க்கத்துச் சட்டம். மீன்தலை தின்கிற நாய் எங்கெங்கே எச்சில் வடித்தது என்று யாருக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குப் புறப்பட முன்பு பண்ணைக் கிணற்று உப்புத் தண்ணீரில் ஆறு தரமும், தொட்டி வரம்பு மண்ணைக் கரைத்து ஒரு தரமும், ஹான்டில் தொடங்கி மட்காட் வரை முழுச் சைக்கிளையும் கழுவியிருக்கிறார். பன்னிரண்டு மாலை. மண் தண்ணீரை அச்சிலும் வாளியால் ஊற்றியிருக்கிறார்.

நாய் மோந்துகூடப் பார்க்காத ஹான்டிலை எழுபத்திரண்டு தரம் தண்ணீரில் கழுவிய மனிதனை எப்படித் திட்டுவது?

றுக்கியா கோபமாகத்தான் தொடங்கினார். ஆனால் பேசப் பேசக் குரல் இறங்கியது.

"ஈரம் பட்ட இடத்த மட்டும்தான் கழுவோணும். அதுவும் பெட்டிய மட்டும் கழுவினாப் போதும். காஞ்ச நாயக் காஞ்ச கையால தொட்டா கழுவ ஒண்டுமே இல்ல. ஓதுற புள்ளயளுக்கு நான் செல்லிக்குடுக்குறதே இதுதான். என்னட்டக் கேட்டீக்கலாமே."

நஸீர் நானா நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"காஞ்சிருந்தா தொடலாமா?"

"தொடலாம்."

முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற மனைவியிடம் கேட்டிருக்கலாம்தான். சின்ன வயதில் யாரோ நாயைத் தொடாதே என்று அதட்டியதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு, அதற்குமேல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. கேட்டால், நாயைத் தொட ஆசை இருக்கிறது என்று சொன்னதாகிவிடும். ஒரு தொழுகைக்காரன், வயதுவந்த மனிதன், பண்ணை நாய் ஒன்றின்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வெட்கத்தை மறைக்கத்தான் மனைவியிடம் பஸ் என்றார், சைக்கிளில் வாளி வாளியாக மண்ணை ஊற்றினார். நான் கொடுமை என்று நினைத்ததை எண்ணி அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

சுது றோட்டுக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தடியில் படுத்திருந்தது. அவர் கடைக்கு வந்தால் அப்படித்தான் வந்து காத்துக் கிடக்கும். நானா றோட்டைக் கடந்து போய், கையைச் சாரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு, அதன் முன்னால் குந்தினார். கையை நீட்டினார். நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து பின்னுக்குப் போனது. அவர் இன்னும் கொஞ்சம் நீட்ட, இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் எழுந்து எங்களிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவுமில்லை.

"ஒம்பது வருஷம் அண்ணே. கை எண்டா என்னெண்டே அதுக்குத் தெரியா."

அந்த ஐந்து நாளும் நான் இரண்டாம் முறையாக அச்சைப் புதிதாகப் பூட்டினேன். அவர் பூவரச மரத்தடியில் இருந்தார். முதல் நாள் கையைத் தரையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். இரண்டாம் நாள் நாய் அந்தக் கையை எட்ட நின்று மோந்தது. மூன்றாம் நாள் மாலை நான் கடை பூட்டும்போது அவருடைய இரண்டு விரல் அதன் காதுக்குப் பின்னால் இருந்தது. நாய் நடுங்கிக்கொண்டு, ஆனால் எழுந்து போகாமல் இருந்தது. கடைசி நாள் அதைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். அது அவர் மணிக்கட்டை நக்கியது. அவர் வளவுக் குழாயடியில் போய் அந்த மணிக்கட்டை மட்டும் ஆறு தரம் தண்ணீராலும் ஒரு தரம் மண்ணாலும் கழுவிவிட்டு அஸருக்குத் தொழுதார். தொழுதுவிட்டு வந்து மறுபடியும் தூக்கினார். எனக்கு அதில் இப்போது விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை.

புறப்பட்டது முப்பதாந்திகதி காலை, ஆறு மணிக்கு, என் கடை வாசலிலிருந்து. றுக்கியா சோற்றுப் பார்சலோடு வந்திருந்தார். நாயின் தகரத்தைத் தனிப்பையில் போட்டு வாயைக் கட்டி அவரே பெட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டார். எத்தனை நாளில் வருவீர்கள் என்று கேட்டார். அது அங்கே பழகும் மட்டும் என்றார் நானா.

"பழகல்லெண்டா?"

நானா குனிந்து பெட்டிக் கயிற்றை இழுத்து இறுக்கினார். றுக்கியா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாக்கிறட்டின் பக்கத்தில் போய் நின்றார்.

நானா பிஸ்மி சொல்லி மிதித்தார். பத்து யார் போகவில்லை, நாய் குதித்துவிட்டது. இறங்கினார், தூக்கி வைத்தார், மிதித்தார். திரும்பவும் குதித்தது. வாட்டசாட்டமான ஆள் இல்லை, பதினாறு கிலோ நாயை இரண்டு தரம் தூக்கியதிலேயே மூச்சு வாங்கியது. மூன்றாம் தரம் தூக்கி வைத்தவர் உடனே ஏறவில்லை. நாயின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஹான்டிலைப் பிடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடித் தாவி ஏறினார். சைக்கிள் கோணல்மாணலாகப் போய் நேரானது. நாய் எழும்பப் பார்த்தது, பிறகு உட்கார்ந்தது.

இவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினால் எங்கேயாவது விழுந்து கால் முறியும் என்று கத்தத்தான் வாய் எடுத்தேன். பக்கத்தில் றுக்கியா நின்றதால் அடக்கிக்கொண்டேன். புத்தளம் றோட்டில் அவர் வளைவு திரும்பும் வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதுவரைக்கும் அந்தக் கை முன்னுக்கு வரவே இல்லை.